தேசப் பெருமையும் சுற்றுச்சூழல் சட்டங்களும்: சுவிஸ் வாக்குப்பெட்டியை வைத்து ஒரு கேள்வி பதில்

ஒரு நாட்டு மக்கள் தங்களை யாரென்று நினைத்துக்கொள்கிறார்களோ, அந்த நினைப்பு சுற்றுச்சூழல் சட்டங்களுக்கு அவர்கள் கொடுக்கும் ஆதரவை எப்படி மாற்றுகிறது என்பதுதான் இந்தப் பக்கத்தின் பேச்சு. பெரும்பாலும் சுவிட்சர்லாந்தை வைத்துச் சொல்லியிருக்கிறேன். எஸ்தோனியா, பிரேசில், போலந்து, கோஸ்டா ரிக்கா ஆகியவை தேவையான இடத்தில் வரும்.

தேசிய அடையாளம் என்று இங்கே எதைச் சொல்கிறீர்கள்?

கொடி, கீதம், கடவுச்சீட்டு ஆகியவை அதன் வெளித்தோற்றம். உள்ளே இருப்பது ஒரு கதை: நாம் யார், எது நம்முடையது, யார் அதைப் பறிக்கப் பார்க்கிறார்கள் என்று ஒரு மக்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் கதை. அந்தக் கதையில் ஒரு மலையோ காடோ இடம்பிடித்துவிட்டால் அதைக் காப்பாற்றும் சட்டத்துக்கு ஆள் சேர்ப்பது எளிது. டீசலும் வீட்டுச் சூடாக்கியும் அந்தக் கதையில் வருவதில்லை. அவற்றின் மீது சட்டம் கொண்டுவரும்போது அதே மக்கள் வேறு முகம் காட்டுகிறார்கள்.

உலகில் இத்தனை நாடுகள் இருக்க ஏன் சுவிஸ்?

அங்கே மக்களே சட்டத்தின் மீது வாக்களிக்கிறார்கள். ஒரு லட்சம் கையெழுத்தை 18 மாதத்துக்குள் திரட்டினால் அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பிடிக்கவில்லையென்றால் 100 நாளில் 50,000 கையெழுத்துப் போதும், அதுவும் வாக்கெடுப்புக்கு வந்துவிடும். கருத்துக்கணிப்பில் "சுற்றுச்சூழலைக் காப்பாற்ற வேண்டும்" என்று சொல்வதற்குச் செலவு எதுவும் கிடையாது. பெட்ரோல் லிட்டருக்கு 12 ராப்பன் (நூறு ராப்பன் ஒரு பிராங்க்) ஏறும் என்று தெரிந்துகொண்டு சீட்டில் 'ஆம்' என்று எழுதுவது வேறு. மக்கள் உண்மையில் எதை ஆதரிக்கிறார்கள் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

மலைக்கும் சுவிஸ் அடையாளத்துக்கும் ஏன் இவ்வளவு நெருக்கம்?

சுவிஸுக்குப் பொதுவாக ஒரு மொழி இல்லை. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரொமான்ஷ் என நான்கு. மதமும் ஒன்றல்ல, கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் 1847-ல் உள்நாட்டுப் போரே நடத்தியவர்கள். அடுத்த ஆண்டு உருவான கூட்டாட்சிக்கு எல்லோரும் கைகாட்டக்கூடிய ஒரு பொதுச் சின்னம் வேண்டியிருந்தது, அந்த இடத்தில் ஆல்ப்ஸ் மலை வந்து நின்றது. தேசிய கீதம் விடியலில் தொடங்கி ஆல்ப்ஸின் பனிமுகடு சிவக்கும் காட்சிக்குப் போகிறது. ஆல்ப்ஸில் முதல் தேசியப் பூங்காவை 1914 ஆகஸ்ட் 1-ல் திறந்தார்கள். ஆகஸ்ட் 1 சுவிஸின் தேசிய நாள்.

இன்று அங்கே நான்கில் மூன்று பேர் நகரம் சார்ந்த பகுதிகளில் வாழ்கிறார்கள். பலருக்கு மலை என்பது ஞாயிற்றுக்கிழமை போய்வரும் இடம். ஆனாலும் 'நம் மலை' என்றுதான் சொல்கிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடையாளத்தின் பலத்தில் ஒரு சுற்றுச்சூழல் சட்டம் வென்றதற்கு நல்ல உதாரணம் உண்டா?

ரோத்தன்தூர்ம். ஷ்வீட்ஸ் மாநிலத்தில் இருக்கும் ஒரு மேட்டுநிலச் சதுப்பு. நாட்டுக்கே பெயர் கொடுத்த மாநிலம் ஷ்வீட்ஸ். ராணுவம் அங்கே பயிற்சித் தளம் கட்ட விரும்பியது. நிலத்தை விற்க மாட்டோம் என்று உள்ளூர் விவசாயிகள் மறுத்தார்கள். கட்டாயக் கையகப்படுத்தல் வரைக்கும் போனது.

ராணுவம் என்றால் சுவிஸில் சாதாரண விஷயமில்லை. ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவை உள்ள நாடு, துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருக்கும் வழக்கம் உள்ள நாடு. இரண்டாம் உலகப் போரில் எங்களைக் காத்தது ராணுவம்தான் என்று ஒரு தலைமுறையே நம்பி வளர்ந்தது. ஆக ஒரு பக்கம் ராணுவம், இன்னொரு பக்கம் பரம்பரை நிலத்தை விடமாட்டேன் என்று நிற்கும் மலைநாட்டு விவசாயி. இரண்டுமே தேசக் கதையில் வரும் நாயகர்கள். சதுப்பைக் காக்க முனைந்தவர்கள் விவசாயியின் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். அவர்களுடைய பெரிய சாமர்த்தியம் இதுதான் என்று நினைக்கிறேன். கொடுங்கோல் ஆளுநரை எதிர்த்து நின்ற மலைநாட்டு வில்லாளி வில்லியம் டெல்லின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களிடம், தன் மண்ணில் நிற்கும் எளியவனை அதிகாரம் விரட்டுகிறது என்று சொன்னால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சதுப்புகளைக் காக்கும் அரசியலமைப்புத் திருத்தம் ஒன்று வாக்கெடுப்புக்கு வந்தது. 1987 டிசம்பர் 6-ல் 57.8 விழுக்காட்டினர் 'ஆம்' என்றார்கள். வேண்டாம் என்று அரசு பரிந்துரைத்திருந்தும் இந்த முடிவு. ஒரு பயிற்சித் தளம் நின்றது மட்டுமில்லை, நாட்டிலுள்ள தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புகள் எல்லாவற்றுக்கும் அரசியலமைப்பிலேயே பாதுகாப்புக் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் செர்னோபில் விபத்து. அதே ஆண்டு நவம்பரில் பாசல் அருகே ஷ்வைட்சர்ஹாலேயில் ரசாயனக் கிடங்கு எரிந்து, ரைன் ஆறு சிவப்பாக ஓடி மீன்கள் செத்து மிதந்தன. அந்தப் பயமும் சேர்ந்துதான் வாக்கைக் கூட்டியது.

வெளியாள் மீதான கோபமும் இதில் வேலை செய்கிறதா?

செய்கிறது. அதை மூடி மறைக்கத் தேவையில்லை. 1994-ன் ஆல்ப்ஸ் பாதுகாப்பு வாக்கெடுப்பைப் பாருங்கள். ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் இடையே ஓடும் லாரிகள் ஆல்ப்ஸைக் கடக்கும் கோத்தார்ட் சாலை வழியே ஊரி மாநிலத்தின் குறுகிய பள்ளத்தாக்கைப் பிளந்துகொண்டு போகும். இரண்டு பக்கமும் செங்குத்து மலை. சத்தமும் புகையும் வெளியேற வழியில்லாமல் ஊருக்குள்ளேயே சுற்றும். எல்லையிலிருந்து எல்லைக்குப் போகும் சரக்கையெல்லாம் ரயிலில் ஏற்று என்ற கோரிக்கை அங்கிருந்துதான் கிளம்பியது.

அரசு எதிர்த்தது, நாடாளுமன்றம் எதிர்த்தது, ஆனாலும் 51.9 விழுக்காட்டோடு வென்றது. ஊரியில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆதரவு. அதற்கு 14 மாதம் முன்பு, 1992 டிசம்பரில், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேர வேண்டாம் என்று அதே மக்கள் நூலிழையில் முடிவெடுத்திருந்தார்கள். 40 டன் லாரிகளை விடு என்று ஐரோப்பா கேட்டுக்கொண்டிருந்தது, சுவிஸில் வரம்பு 28 டன். லாரி என்றாலே மக்கள் கண்முன் வந்தது அயல்நாட்டு எண்பலகைதான்.

1998-ல் கனரக வாகனக் கட்டணம் 57 விழுக்காடு ஆதரவோடு வென்றதற்கும் இந்தப் பின்னணி உண்டு. சுவிஸ் வாக்காளர்கள் புதிய வரியை அவ்வளவு லேசில் ஒப்புக்கொள்வதில்லை. இந்தக் கட்டணத்தை அயல்நாட்டு லாரியும் கட்டும். வரும் பணத்தில் ஒரு பகுதி ரயில் சுரங்கப்பாதைகளுக்குப் போகும். 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்ட் அடிவாரச் சுரங்கம் 2016-ல் திறக்கப்பட்டது அந்த வழியில்தான்.

இதையும் சொல்லிவிட வேண்டும்: ஆண்டுக்கு 6,50,000 லாரிகளுக்கு மேல் ஆல்ப்ஸைக் கடக்கக்கூடாது என்று சட்டத்தில் எழுதினார்கள். இன்றும் ஒன்பது லட்சத்தையொட்டித்தான் ஓடுகின்றன. வாக்குப்பெட்டியில் வென்றது சாலைக்கு வந்து சேர எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதற்கு இது ஒரு உதாரணம்.

இவ்வளவு மலைப்பாசம் உள்ளவர்கள் 2021-ல் காலநிலைச் சட்டத்தை ஏன் தோற்கடித்தார்கள்?

இந்தக் கேள்விதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 2021 ஜூன் 13-ல் கரியமில வாயுவைக் குறைப்பதற்கான சட்டம் 51.6 விழுக்காடு எதிர்ப்பில் விழுந்தது. அரசு ஆதரித்தது, வலதுசாரிக் கட்சியான சுவிஸ் மக்கள் கட்சியைத் தவிர பெரிய கட்சிகளெல்லாம் ஆதரித்தன. சட்டத்தில் இருந்தது இது: பெட்ரோல், டீசலில் லிட்டருக்கு அதிகபட்சம் 12 ராப்பன் கூடலாம், விமானச் சீட்டுக்கு 30 முதல் 120 பிராங்க் வரை கட்டணம், சூடாக்கும் எண்ணெய் மீதான வரியை இன்னும் உயர்த்த இடம்.

'ஆம்' சொன்ன மாநிலங்கள் ஐந்துதான்: சூரிச், பாசல் நகரம், ஜெனீவா, வோ, நியூஷாத்தெல். மலைநாடும் கிராமப்புறமும் மறுத்துவிட்டன. அதே ஞாயிறன்று பூச்சிக்கொல்லி மருந்துகளுக்கு எதிரான இரண்டு முன்மொழிவுகளும் வாக்குக்கு வந்தன. இரண்டும் விவசாயிகளின் பிழைப்பைத் தொடுபவை. அவற்றைத் தோற்கடிக்கத் திரண்ட கிராமங்கள் கையோடு இந்தச் சட்டத்தையும் தோற்கடித்தன. பேருந்து மணிக்கொரு முறை வரும் பள்ளத்தாக்கில் கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. சூரிச்சில் டிராமில் போகிறவருக்கு அந்த 12 ராப்பன் தெரியவே தெரியாது.

அப்புறம் இதை அடையாளச் சண்டையாகவே மாற்றினார்கள். உண்மையான சுவிஸ்காரன் யார், மலையில் மாடு மேய்ப்பவனா, நகரத்தில் மிதிவண்டியில் போகிறவனா? அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 தேசிய நாள் உரையில் சுவிஸ் மக்கள் கட்சியின் அப்போதைய தலைவர் மார்கோ கியேசா, இடதுசாரிப் பசுமை நகரங்கள் நாட்டை உறிஞ்சி வாழ்கின்றன என்ற பொருளில் கடுமையாகப் பேசினார். லாரி விஷயத்தில் எதிராளி எல்லைக்கு வெளியே இருந்தான். இங்கே எதிராளியை நாட்டுக்குள்ளேயே கண்டுபிடித்துக் கொடுத்தார்கள்.

உலகப் புகையில் நம் பங்கு ஆயிரத்தில் ஒன்றுதான், நாம் மாறினால் என்ன ஆகப்போகிறது என்பது இன்னொரு வாதம். 'நாம் சின்ன நாடு' என்பதும் சுவிஸ் அடையாளத்தில் ஆழமாக ஊறிய நினைப்பு. அந்த வாதம் எடுபட்டதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் வரிப்பணம் மக்களுக்கே திரும்ப வருகிறதே?

வருகிறது. சூடாக்கும் எண்ணெய், எரிவாயு மீதான கரியமில வரி 2008 முதல் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் திருப்பித் தரப்படுகிறது. சரி, எந்த வழியில்? மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தில் கழித்து. காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் பிரீமியம் பில்லை எடுத்துப் பாருங்கள், மாதத்துக்கு ஐந்து பிராங்கையொட்டி ஒரு சிறிய கழிவு இருக்கும், பக்கத்தில் சுற்றுச்சூழல் வரியின் பகிர்வு என்று ஒரு வரி. தலைக்கு ஆண்டில் சுமார் 60 பிராங்க். குடியுரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் காப்பீடு உள்ள எல்லோருக்கும் உண்டு, குழந்தைக்கும் உண்டு.

பெரும்பாலானோருக்கு இப்படி ஒரு பணம் வருவதே தெரியாது என்று ஆய்வுகள் காட்டின. பிரீமியம் ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும் நாட்டில், அந்த வயிற்றெரிச்சலின் ஓரத்தில் ஐந்து பிராங்கை ஒளித்து வைத்தால் யார் கவனிப்பார்கள்? நிர்வாகச் செலவு குறைவு என்பதற்காக எடுத்த முடிவு இது. பணத்தைக் கொடுத்தும் நல்ல பெயர் கிடைக்கவில்லை என்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இரண்டே ஆண்டில் 2023-ல் எப்படி வென்றது?

2023 ஜூன் 18-ல் வந்த காலநிலைச் சட்டத்துக்கு 59.1 விழுக்காடு ஆதரவு. இதன் வேர் 'பனியாற்று முன்மொழிவு' என்ற பெயரில் கையெழுத்துத் திரட்டிய இயக்கம். அதற்கு மாற்றாக நாடாளுமன்றம் எழுதியதுதான் இந்தச் சட்டம். 2050-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது இலக்கு. பழைய எண்ணெய்ச் சூடாக்கியை மாற்றுகிறவர்களுக்குப் பத்தாண்டில் 200 கோடி பிராங்க் உதவி, தொழில்நுட்பத்தை மாற்றும் நிறுவனங்களுக்கு 120 கோடி. புதிய வரி இல்லை, தடையும் இல்லை.

பிரசாரத்தில் பெட்ரோல் பங்க் காணாமல் போய் பனியாறு வந்தது. 2022-லும் 2023-லும் சேர்த்து சுவிஸ் பனியாறுகள் தங்கள் மொத்தக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. உக்ரைன் போரும் ஒரு வாதத்தைக் கொடுத்தது: எண்ணெயும் எரிவாயுவும் வெளியிலிருந்து வருகின்றன, தண்ணீரிலிருந்து எடுக்கும் மின்சாரம் நம்முடையது. எவரையும் சாராமல் நிற்பது என்பது சுவிஸ்காரர்களுக்கு மிகப் பிடித்த நினைப்பு. அதை இந்த முறை சட்டத்தை ஆதரித்தவர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

இதிலிருந்து மக்கள் திடீரென்று பசுமையாகிவிட்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 2024 செப்டம்பரில் பல்லுயிர்ப் பாதுகாப்பு முன்மொழிவு 63 விழுக்காடு எதிர்ப்பில் தோற்றது. பூமியின் எல்லைக்குள் பொருளாதாரத்தை நிறுத்த வேண்டும் என்ற முன்மொழிவு 2025 பிப்ரவரியில் கிட்டத்தட்ட 70 விழுக்காடு எதிர்ப்பில் விழுந்தது. பணம் யார் பையிலிருந்து போகிறது, கட்டுப்பாடு யார் தலையில் விழுகிறது என்பதை வாக்காளர் ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்க்கிறார். அந்தக் கணக்கில் 'நாம்' என்ற சொல்லுக்குள் யார் அடங்குவது என்பதை அடையாளம் தீர்மானிக்கிறது.

மலையில் வாழ்கிறவர்கள் இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறார்கள்?

பெரும்பாலும் கோபமாக. அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. 2012-ல் சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் ஃபிரான்ஸ் வேபர் முன்னெடுத்த வாக்கெடுப்பு ஒன்று வந்தது: எந்த ஊரிலும் விடுமுறை வீடுகள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 50.6 விழுக்காட்டில் வென்றது. வெற்றி கொடுத்தது நகரங்கள். மாட்டர்ஹார்ன் சிகரம் நிற்கும் வாலே மாநிலத்தில் நான்கில் மூன்று பங்குக்கு அருகில் எதிர்ப்பு.

மலை எல்லோருக்கும் சொந்தமான தேசச் சின்னம் என்றால், அது எப்படித் தோன்ற வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை சமவெளிக்காரருக்கும் வந்துவிடுகிறது. கொத்தனாரும் தச்சரும் வேலை இழப்பது மலையில். அந்தச் சட்டத்தை நான் ஆதரிப்பேன், ஆண்டில் மூன்று வாரம் மட்டும் விளக்கெரியும் வீடுகளால் பள்ளத்தாக்கை நிரப்புவதில் நன்மை இல்லை. ஆனால் அந்த வேலையிழப்புக்கு என்ன பதில் என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

இதன் மறுபக்கம் 2023 செப்டம்பரில் வந்தது. மலைச்சரிவில் பெரிய சூரிய மின் நிலையங்களுக்கு விரைவு அனுமதி கொடுக்கும் மாநிலச் சட்டத்தை வாலே வாக்காளர்கள் 53.9 விழுக்காட்டில் மறுத்தார்கள். மூன்று மாதம் முன்பு நாடே காலநிலைச் சட்டத்துக்கு ஆதரவு தெரிவித்திருந்தது. மலையைக் காப்பது ஒரு சுற்றுச்சூழல் கொள்கை, மலையில் பலகை பதித்து மின்சாரம் எடுப்பதும் ஒரு சுற்றுச்சூழல் கொள்கை. அடையாளம் முதலாவதோடுதான் ஒட்டிக்கொள்ளும். நிலத்தோற்றத்தைக் காக்கும் உணர்வு காற்றிலுள்ள கரியமிலத்தைக் குறைக்கும் வேலைக்குத் தானாக உதவாது, சில நேரம் குறுக்கே நிற்கும்.

ஸ்ட்ராஸ்பூர்க் தீர்ப்பு ஏன் அவ்வளவு எதிர்ப்பைக் கிளப்பியது?

வயதான சுவிஸ் பெண்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்த ஒரு சங்கம், வெப்ப அலை எங்கள் உயிரை வாங்குகிறது, அரசு போதுமானதைச் செய்யவில்லை என்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 2024 ஏப்ரல் 9-ல் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. ஜூன் மாதம் சுவிஸ் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும், நீதிமன்றம் எல்லை மீறிவிட்டது, நாடு ஏற்கெனவே வேண்டியதைச் செய்கிறது என்று அறிக்கை நிறைவேற்றின. கீழவையில் 111-க்கு 72.

'அயல் நீதிபதிகள்' என்பது அங்கே பழைய முழக்கம். நாட்டின் தொடக்கமாகக் கொண்டாடப்படும் 1291-ன் ஒப்பந்தத்திலேயே, உள்ளூர்க்காரர் அல்லாத நீதிபதியையும் பதவியை விலைகொடுத்து வாங்கிய நீதிபதியையும் எங்கள் பள்ளத்தாக்குகளில் ஏற்கமாட்டோம் என்று இருக்கிறது. அந்த நினைவைத் தட்டியெழுப்பியதும், வெப்பத்தில் மூச்சு வாங்கும் மூதாட்டிகள் பேச்சிலிருந்தே மறைந்துபோனார்கள். இறையாண்மைதான் பேசுபொருளானது. வழக்குப் போட்டவர்களும் சுவிஸ் குடிமக்கள்தானே! அமர்வில் இருந்த சுவிஸ் நீதிபதியும் பெரும்பான்மையோடுதான் நின்றார், மாறுபட்ட ஒரே நீதிபதி பிரிட்டனைச் சேர்ந்தவர். இந்த விவரம் பரவலாகப் பேசப்பட்டிருக்க வேண்டும்.

இது சுவிஸுக்கு மட்டும் உரிய குணமா?

இல்லை. எஸ்தோனியாவில் நடந்தது இன்னும் அழுத்தமான கதை. சோவியத் ஆட்சியின் கடைசிக் காலம், 1987. வீருமா பகுதியில் பாஸ்போரைட் (உரம் செய்ய உதவும் தாது) சுரங்கம் தோண்ட மாஸ்கோ திட்டமிட்டது. நாட்டின் நிலத்தடி நீருக்கு ஊற்றுக்கண்ணான பாண்டிவேரே மேட்டுநிலம் அந்தப் பக்கம்தான். நீர் கெடும் என்பது ஒரு பயம். சுரங்க வேலைக்கென்று வெளியிலிருந்து பல்லாயிரம் பேரைக் கொண்டுவந்து குடியேற்றுவார்கள், எஸ்தோனியர் சொந்த மண்ணிலேயே சிறுபான்மையாவார்கள் என்பது இன்னொரு பயம். விடுதலை வேண்டும் என்று அன்று வெளிப்படையாகப் பேச முடியாது, தண்ணீரைக் காப்பாற்று என்று பேசலாம். தார்த்து நகரப் பல்கலைக்கழக மாணவர்கள் 'பாஸ்போரைட்டா, வேண்டாம் நன்றி' என்று எழுதிய மஞ்சள் சட்டையோடு தெருவுக்கு வந்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு மக்கள் கூடிப் பாடியே சோவியத் ஆட்சியை எதிர்த்த பாட்டுப் புரட்சி, 1991-ல் விடுதலை.

அதே எஸ்தோனியா விடுதலைக்குப் பின்பும் பல ஆண்டுகள் எண்ணெய்ப்பாறையை (எரிபொருள் ஊறிய ஒரு வகைப் பாறை) எரித்துத்தான் பெரும்பகுதி மின்சாரம் எடுத்தது. புகை மிகுந்த எரிபொருள் அது. தலைக்கு இவ்வளவு கரியமிலம் என்று பார்த்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்வரிசையில் நின்ற நாடு. ரஷ்யாவைச் சாராமல் இருக்க சொந்த எரிபொருள் வேண்டும் என்ற வாதம் அதைக் காப்பாற்றியது. அந்தச் சுரங்கங்கள் இருக்கும் இடாவீருமாவில் ரஷ்ய மொழி பேசுவோர்தான் பெரும்பான்மை, மூடினால் வேலை போவது அவர்களுக்கு. ஒரு சுரங்கத்தைத் தடுத்த அதே தேச உணர்வு இன்னொன்றைத் தாங்கிப் பிடித்தது.

பிரேசிலில் 2019 ஆகஸ்டில் அமேசான் எரிந்தபோது பிரெஞ்சு அதிபர் மக்ரோன் "நம் வீடு எரிகிறது" என்று பதிவிட்டார். ஜி7 நாடுகள் இரண்டு கோடி டாலர் தருவதாகச் சொன்னதும், இது காலனி மனப்பான்மை என்று அப்போதைய பிரேசில் அதிபர் போல்சொனாரோ திருப்பியடித்தார். 'அமேசான் நம்முடையது' என்ற முழக்கத்துக்குப் பின்னால் மரம் வெட்டுபவர்களுக்கு நல்ல மறைவிடம் கிடைத்தது. காலனியாட்சியை அனுபவித்த நாடுகளில் இந்த வாதம் எப்போதும் எடுபடும், ஏனென்றால் அதில் பாதி உண்மை. பணக்கார நாடுகள் தங்கள் காட்டை வெட்டித் தீர்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பாடம் எடுக்க வந்தன. லூலா மறுபடி அதிபர் பதவிக்கு வந்த 2023-ல் அமேசான் அழிப்பு முந்தைய ஆண்டின் பாதியளவுக்குக் குறைந்தது. அவரும் அமேசான் நம்முடையதுதான் என்கிறார், அதனால் காப்பது நம் கடமை என்று சேர்த்துச் சொல்கிறார்.

கோஸ்டா ரிக்கா வேறு மாதிரி. 1948-ல் ராணுவத்தைக் கலைத்ததுபோலவே காட்டைக் காப்பதையும் அந்த நாடு தன் பெருமையாக ஆக்கிக்கொண்டது. எரிபொருள் வரியின் ஒரு பகுதி காட்டை விட்டுவைக்கும் நில உரிமையாளர் கைக்குப் போகிறது. பெருமையும் பணமும் ஒரே ஆளிடம் போய்ச் சேருவதால் அங்கே அது நிலைத்தது.

நாட்டுப்பற்று கூடினால் ஆதரவு கூடுமா, குறையுமா?

எந்த வகைப் பற்று என்று பார்க்க வேண்டும். போலந்தின் உளவியல் ஆய்வாளர்கள் இதை நன்றாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். நாட்டோடு இயல்பான ஒட்டுதல் ஒன்று. எங்கள் நாடு தனிச்சிறப்பு வாய்ந்தது, உலகம் அதை மதிக்கவில்லை என்ற மனக்குறையோடு வரும் பெருமை இன்னொன்று. பியாவோவியெஜா என்ற தொன்மையான காட்டில் அரசு மரம் வெட்டுவதை அதிகப்படுத்தியபோது யுனெஸ்கோவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடுக்க வந்தன. இரண்டாம் வகையினர் வெட்டுவதை ஆதரிக்கும் பக்கம் சாய்ந்தார்கள் என்று அந்த ஆய்வு காட்டியது. அது அவர்களுடைய சொந்த நாட்டுக் காடு! பின்னால் வந்த ஓர் ஆய்வில், இத்தகையோர் நாட்டுக்குப் பசுமைப் பெயர் வாங்கித்தரும் விளம்பரத்தை ஆதரித்தார்கள், உண்மையான நடவடிக்கைக்கு அந்த ஆதரவு வரவில்லை.

பனியாறு கண்முன்னே உருகுவதைப் பார்த்தால் எல்லோரும் மனம் மாறிவிடமாட்டார்களா?

2019 செப்டம்பரில் கிழக்கு சுவிஸின் பிட்சோல் பனியாற்றுக்கு இறுதிச்சடங்கே நடத்தினார்கள். கறுப்பு உடையில் 250 பேர் மலையேறினார்கள், பாதிரியார் பேசினார், ஆல்ப்ஸ் கொம்பு ஊதினார்கள். உலகமெங்கும் செய்தியானது. அதற்குப் பிறகுதான் 2021-ன் தோல்வி.

2025 மே 28-ல் வாலேயின் பிளாட்டன் கிராமத்தின் மீது பிர்ச் பனியாறு பாறைகளோடு சரிந்தது. முன்கூட்டியே 300 பேரை வெளியேற்றியதால் பெரிய உயிர்ச்சேதம் தவிர்ந்தது, ஒருவர் இறந்தார். ஊரின் பெரும்பகுதி மண்ணுக்குள் போய்விட்டது. அந்தச் சரிவில் வெப்பமயமாதலின் பங்கு எவ்வளவு என்பதில் விஞ்ஞானிகள் நிதானமாகவே பேசினார்கள். நாடு முழுவதிலிருந்தும் உதவி குவிந்தது. கூடவே, மலைக் கிராமங்களைக் காக்க இவ்வளவு செலவழிக்கத்தான் வேண்டுமா என்ற குரலும் நகரத்திலிருந்து எழுந்தது. கீதத்திலும் சாக்லேட் அட்டையிலும் மலையை வைத்துக் கொண்டாடிவிட்டு, அங்கே வாழ்பவரிடம் இறங்கி வா என்று சொல்வது எனக்கு ஏற்க முடியாததாக இருக்கிறது.

சுவிஸில் வாழும் தமிழர்களுக்கு இதில் என்ன வேலை?

இலங்கைத் தமிழர் ஏறக்குறைய 50,000 பேர் அங்கே வாழ்கிறார்கள், பலர் குடியுரிமை பெற்றவர்கள். நாட்டில் வாழ்வோரில் நான்கில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், அவர்களுக்குக் கூட்டாட்சி வாக்கெடுப்பில் வாக்கு இல்லை. அந்த 12 ராப்பனை அவர்களும்தான் கட்டியிருப்பார்கள். 'நாம்' என்று அரசு சொல்லும்போது அவர்கள் கணக்கில் வருவதில்லை. உங்களுக்கு வாக்கு இருந்தால், அது வீட்டில் வாக்கில்லாத அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

தபாலில் வாக்கெடுப்பு உறை வரும்போது கூடவே அரசின் விளக்கக் கையேடு இருக்கும். ஆதரவாளர் வாதம், எதிர்ப்பாளர் வாதம் இரண்டும் அதில் உண்டு, பின்பக்கங்களில் சட்டத்தின் வாசகம் முழுதாக இருக்கும். சுவரொட்டியில் பனியாறு இருந்தாலும் சரி, பெட்ரோல் பங்க் இருந்தாலும் சரி, நேரே அந்த வாசகத்துக்குப் போங்கள். யார் கட்டுகிறார், யாருக்குத் திரும்ப வருகிறது, எந்த ஆண்டிலிருந்து என்ற மூன்றையும் அங்கே கண்டுபிடிக்கலாம். ஜெர்மனோ பிரெஞ்சோ சிரமமாக இருந்தால் பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

சீட்டைச் சிறிய உறையில் போட்டு ஒட்டுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் வாக்குரிமை அட்டையில் கையெழுத்தில்லாவிட்டால் வாக்கு செல்லாது. தபாலில் போடுவதென்றால் வாக்கெடுப்பு ஞாயிறுக்கு முந்தைய செவ்வாய்க்குள் போட்டுவிடுங்கள், தவறினால் ஊராட்சி அலுவலகத்தின் பெட்டியில் நேரே போய்ப் போடலாம்.